அலுவலகப் பாஸ்வேர்டுகள்: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

தனியாக ஐடி பிரிவு இல்லாத, பத்து முதல் ஐம்பது அறுபது பேர் வரை வேலை பார்க்கும் நிறுவனங்களுக்காக எழுதியது இது. ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரி, பிஎஃப், ஈஎஸ்ஐ, வங்கி, மெயில், வெப்சைட், ஃபேஸ்புக் பக்கம், வைஃபை, சிசிடிவி என்று கணக்குப் போட்டால் சின்ன கம்பெனிக்கே நாற்பது ஐம்பது பாஸ்வேர்டு தேறிவிடும். அதெல்லாம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே ஒருவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் லீவு போட்ட நாளில்தான் கீழே உள்ள கேள்விகள் எல்லாம் கிளம்புகின்றன.

நாங்கள் சின்ன கம்பெனி. எங்களை எவன் ஹேக் செய்யப்போகிறான்?

ஆள் பார்த்து யாரும் வருவதில்லை. வேறெங்கோ கசிந்த யூசர் ஐடி, பாஸ்வேர்டு பட்டியலை வைத்துக்கொண்டு கண்ணில் படும் லாகின் பக்கங்களில் எல்லாம் ஒரு புரோகிராம் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். எது திறக்கிறதோ அதில் நுழைவார்கள். உள்ளே இருப்பது யாருடைய கம்பெனி என்பதை அப்புறம்தான் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் கேஎன்பி என்று ஒரு லாரி நிறுவனம் இருந்தது. 158 வருடப் பழமை, சுமார் 500 லாரிகள். 2023இல் ஒரு கும்பல் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து மொத்தத் தரவையும் பூட்டிப் பணம் கேட்டது. ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை ஊகித்துத்தான் நுழைந்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கணிப்பு. அதே வருடம் கம்பெனி மூடப்பட்டது; சுமார் 700 பேருக்கு வேலை போனது. அந்த ஊழியரிடம் இதைச் சொல்லவே இல்லை என்று நிறுவனத்தின் இயக்குநர் பின்னாளில் பிபிசியிடம் கூறினார்.

எல்லாவற்றையும் ஒரு எக்செல் ஃபைலில் போட்டு, ஃபைலுக்கும் பாஸ்வேர்டு வைத்திருக்கிறோம். போதாதா?

முதலில் அது எந்தப் பாஸ்வேர்டு என்று பாருங்கள். செல்லை மாற்றவிடாமல் தடுக்கும் பாஸ்வேர்டு பூட்டே அல்ல, நிமிடங்களில் கழற்றிவிடலாம். ஃபைலைத் திறக்கும்போதே கேட்கும் பாஸ்வேர்டு வேறு. எக்செல் 2007 முதல் வந்த புதிய வகை ஃபைல்களில் அது ஏஇஎஸ் என்ற முறையில் உண்மையாகவே என்க்ரிப்ட் செய்கிறது, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றிவிடுகிறது. நீளமான பாஸ்வேர்டு வைத்திருந்தால் சுலபத்தில் உடையாது.

ஆனால் எக்செல்லின் தொந்தரவு பூட்டில் இல்லை, நகலில் இருக்கிறது. மேனேஜர் லேப்டாப்பில் ஒன்று, அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரில் ஒன்று, மெயிலில் ‘புதியது’, ‘கடைசி புதியது’ என்று இரண்டு. எதில் இருக்கும் பாஸ்வேர்டு சரி என்று யாருக்கும் தெரியாது. டெஸ்பாட்ச் பையனுக்கு இ-வே பில் பாஸ்வேர்டு மட்டும் போதும். ஃபைலைக் கொடுத்தால் வங்கிப் பாஸ்வேர்டும் சேர்ந்தே போகிறது. யார் எதைப் பார்த்தார்கள் என்பதற்கும் எந்தப் பதிவும் இல்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன? அது என்க்ரிப்ட் ஆனதுதானே?

போகும் வழியில் பாதுகாப்புதான். போய்ச் சேர்ந்த பிறகு அது எத்தனை வருடம் அங்கேயே கிடக்கும் என்பதுதான் பிரச்சினை. இப்போதே உங்கள் ஆபீஸ் குரூப்பில் ‘பாஸ்வேர்டு’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பிய வங்கி லாகின் வரும். வேலையை விட்டவரைக் குரூப்பிலிருந்து நீக்கினாலும் பழைய மெசேஜ்கள் அவர் போனில் அப்படியே இருக்கும். ஷோரூம் கம்ப்யூட்டரில் திறந்தபடி கிடக்கும் வாட்ஸ்அப் வெப் தனிக் கதை.

இன்னொரு கெடுதலும் உண்டு. வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டு கேட்பதும் கொடுப்பதும் ஆபீசில் சகஜம் ஆகிவிட்டால், ஏமாற்றுக்காரன் கேட்டாலும் அது சகஜமாகவே தெரியும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த ஹேக்கர், அங்கே ஒப்பந்த ஊழியர் ஒருவரின் போனுக்கு லாகின் அனுமதிக் கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். ஐடி பிரிவிலிருந்து பேசுவதாக வாட்ஸ்அப்பிலும் தொடர்புகொண்டேன் என்று அவரே சொன்னதாகச் செய்தி வந்தது. அந்த ஊழியர் கடைசியில் அனுமதி கொடுத்துவிட்டார்.

அவசரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஒரு முறை திறந்தால் அழிந்துவிடும் லிங்க் அனுப்பலாம்; பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர்களில் (அவை பற்றிப் பின்னால் வருகிறது) அந்த வசதி இருக்கிறது. அதுவும் முடியாதென்றால் யூசர் ஐடியை மெயிலில் அனுப்பி, பாஸ்வேர்டைப் போனில் வாயால் சொல்லுங்கள்.

அப்படியானால் எப்படித்தான் பகிர்வது?

பகிராமல் இருக்க வழி உண்டா என்று முதலில் பாருங்கள். நாம் ஐந்து பேர் சேர்ந்து பயன்படுத்தும் பாஸ்வேர்டுகளில் பாதிக்கு, ஆளுக்கொரு லாகின் கொடுக்கும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இ-வே பில்லையே எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் ஐந்து மணி, லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது, டிரைவர் கிளம்பத் தயார். டெஸ்பாட்ச் பையன் கம்பெனி லாகினைப் போட்டால் ஓடிபி முதலாளி போனுக்குப் போகிறது. முதலாளி விமானத்தில் இருக்கிறார். லாரி நிற்கிறது. இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் இந்த இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு ஆண்டு விற்றுமுதல் 20 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதலும், 5 கோடிக்கு மேல் பிப்ரவரி 1 முதலும், மற்ற எல்லாருக்கும் ஏப்ரல் 1 முதலும் கட்டாயமாகிவிட்டது. இதற்குப் பல ஆபீஸ்களில் கண்டுபிடித்த தீர்வு, ஓடிபிக்காகவே ஒரு பழைய போனை டெஸ்பாட்ச் மேசையில் வைப்பது! தளத்தில் ‘சப் யூசர்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. டெஸ்பாட்ச் பையன் பெயரில் தனி ஐடி உருவாக்கி, பில் போட மட்டும் அனுமதி கொடுத்தால், ஓடிபி அவர் போனுக்கே வரும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த ஐடியை முடக்கிவிடலாம். முதலாளியின் பாஸ்வேர்டை யாரும் தொட வேண்டியதில்லை.

வங்கியிலும் அப்படித்தான். நிறுவனக் கணக்குக்கான நெட் பேங்கிங்கில் மேக்கர், செக்கர் என்று இரண்டு லாகின் கேளுங்கள். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் பணம் அனுப்பும் விவரத்தைப் பதிவார். முதலாளி தன் போனில் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பணம் போகும். டாலியில் ஆளுக்கொரு யூசர் வைத்து, யார் எந்த வவுச்சரைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தலாம். ஃபேஸ்புக் பக்கத்துக்கு அவரவர் சொந்த ஐடி வழியாகவே அனுமதி தரலாம். ஜிமெயிலில் பாஸ்வேர்டு கொடுக்காமலேயே இன்னொருவரை உங்கள் மெயிலுக்குப் பதில் எழுத வைக்கும் வசதி உண்டு. மைக்ரோசாஃப்ட் 365இல் விற்பனைப் பிரிவுக்கென்று பொது மெயில்பாக்ஸ் வைத்தால் அதற்குத் தனிப் பாஸ்வேர்டே தேவையில்லை.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் பத்துப் பதினைந்துதான் நிற்கும். அந்த மிச்சத்துக்குத்தான் பாஸ்வேர்டு மேனேஜர்.

ஆடிட்டர் ஆபீசுக்குப் பாஸ்வேர்டு கொடுக்காமல் முடியாதே?

நடைமுறையில் கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்வேர்டைவிடப் பெரிய விஷயம் இரண்டு இருக்கிறது.

ஒன்று, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். எந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போனாலும் மேசை டிராயரில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய இந்த யுஎஸ்பி டோக்கன்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயர் எழுதிய ஸ்டிக்கர். சிலதில் பின் நம்பரும் அதே ஸ்டிக்கரில். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தக் கையெழுத்து நீங்கள் பேனாவால் போட்டதற்குச் சமம். டோக்கனை உங்களிடம் வைத்துக்கொண்டு, தாக்கல் செய்யும் நாளில் கொண்டுபோவதே முறை. அலைய முடியாது, அங்கேயே இருக்கட்டும் என்றால் பின் நம்பராவது உங்களிடம் இருக்கட்டும்.

இரண்டு, பதிவு செய்த மெயிலும் மொபைல் நம்பரும். ஜிஎஸ்டி பதிவு எடுத்துக் கொடுத்தவரே தன் மெயிலையும் நம்பரையும் போட்டுவிட்டிருப்பார். துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் அவருக்குத்தான் போகும். பாஸ்வேர்டை மாற்ற முயன்றால் ஓடிபியும் அவருக்கே. அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கம்பெனிக்குள்ளேயே நீங்கள் நுழைய முடியாது. இது எத்தனை பேருக்கு நடந்தது என்றால், இப்படிச் சிக்கியவர்களின் மெயிலையும் மொபைலையும் அந்தந்தப் பகுதி வரி அதிகாரியே மாற்றித் தரலாம் என்று 2018இலேயே மத்திய நிதி அமைச்சகம் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த நிலைக்குப் போகாமல், ஜிஎஸ்டி தளத்தில் திருத்தப் பகுதிக்குப் போய் இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி பிராக்டிஷனரைத் தளத்தில் முறைப்படி இணைத்துவிட்டால் அவர் தன் லாகினிலிருந்தே உங்கள் வேலையைப் பார்க்கலாம். வருமான வரித் தளத்தில் தணிக்கை அறிக்கையை ஆடிட்டர் தன் லாகினில் ஏற்ற, நீங்கள் உங்கள் லாகினில் ஏற்றுக்கொள்வதுதான் வழி. நல்ல ஆடிட்டர்கள் இதைத் தாங்களே வற்புறுத்துவார்கள். நாளைக்கு ஒரு வில்லங்கம் வந்தால் அவர்கள் தலைக்கும் பாதுகாப்பு.

பாஸ்வேர்டு மேனேஜர் எப்படி வேலை செய்கிறது? எதை வாங்கலாம்?

எல்லாப் பாஸ்வேர்டும் ஒரு பெட்டகத்தில் இருக்கும். பெட்டகம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே என்க்ரிப்ட் ஆகித்தான் சர்வருக்குப் போகும். சாவி உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு. ‘கணக்கு’, ‘விற்பனை’, ‘வெப்சைட்’ என்று தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்து, யாருக்கு எது என்று ஒதுக்கிவிடலாம். புதிதாக அக்கவுண்ட்ஸில் ஒருவர் சேர்ந்தால் ‘கணக்கு’ கட்டில் அவர் பெயரைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு, நம்மூர் ஜோஹோவின் ஜோஹோ வால்ட் மூன்றும் நிறுவனங்களுக்கு ஏற்றவை. பிட்வார்டன் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற மூல நிரலை (சோர்ஸ் கோட்) யாரும் பார்க்கலாம். இணையத்தில் எதையும் வைக்கவே வேண்டாம் என்பவர்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. இலவசம், ஒரே ஃபைல். ஆனால் நான்கு பேர் சேர்ந்து பயன்படுத்தினால் மறுபடியும் நகல் தொல்லைதான். எதை வாங்கினாலும் யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்ற பதிவு இருக்கிறதா, ஊழியர் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் நிர்வாகி மீட்டுத் தர முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டைக் காட்டாமலே லாகின் செய்யவிடும் வசதி இவற்றில் இருக்கும். அதை நம்பி யாருக்கும் எதையும் கொடுக்காதீர்கள். பக்கத்தில் தானாக நிரம்பிய பாஸ்வேர்டை வெளியே எடுக்க, பிரவுசரைக் கொஞ்சம் தெரிந்தவருக்கு ஒரு நிமிடம் போதும்.

அந்த மேனேஜரையே ஹேக் செய்துவிட்டால்?

நடந்திருக்கிறது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்தில் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில், அப்டேட் செய்யாமல் விட்ட ஒரு பழைய வீடியோ மென்பொருள் வழியாகப் புகுந்து, அவர் தட்டச்சு செய்த மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்துவிட்டார்கள். வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப் நகல் திருடுபோனது. உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் என்க்ரிப்ட் ஆகியிருந்தன; எந்தெந்தத் தளத்துக்கு என்ற முகவரிகள் ஆகியிருக்கவில்லை.

மாஸ்டர் பாஸ்வேர்டு நீளமாக வைத்திருந்தவர்களுக்குக் கையில் நேரம் இருந்தது. எல்லாவற்றையும் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். சின்னதாக வைத்திருந்தவர்களின் பெட்டகத்தைத் திருடன் தன் வீட்டில் உட்கார்ந்து ஆற அமரத் திறக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் எக்செல்லைவிட மேனேஜரே மேல் என்றுதான் சொல்வேன். எக்செல் திருடுபோனால் திருடுபோனதே தெரியாது.

மாஸ்டர் பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்?

நீளமாக. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்ற சர்க்கஸ் எல்லாம் பழைய பாடம். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, பாஸ்வேர்டு ஒன்றை மட்டுமே நம்பும் இடத்தில் குறைந்தது 15 எழுத்து கேட்கிறது. குறிகளைக் கலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

சுலபமான வழி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்கள். ஐந்து பகடைகளை உருட்டினால் 7,776 விதமாக விழும். அதே எண்ணிக்கையில் சொற்கள் கொண்ட பட்டியலை இஎஃப்எஃப் என்ற அமைப்பு 2016இல் வெளியிட்டது. ஐந்து முறை உருட்டி ஐந்து சொல் எடுத்தால் வரக்கூடிய சேர்க்கைகள் 28க்குப் பின்னால் 18 சைபர். மேனேஜரே இப்படி உருட்டித் தரும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பதும் நல்ல யோசனைதான்: முறம், தபால், ஓணான், சிமென்ட், பம்பரம் என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) ஆனால் ‘ழ’, ‘ள’, ‘ற’ வரும் சொல்லையும் நெடில் வரும் சொல்லையும் தவிர்ப்பது நல்லது. அன்றைக்கு ‘ழ’வுக்கு இரண்டு எழுத்துப் போட்டோமா, ஒன்று போட்டோமா என்று மூன்று மாதம் கழித்து முழிக்க வேண்டிவரும். அந்தக் கணக்கில் மேலே சொன்ன முறமும் தபாலும் ஓணானும் தேறாது. சினிமாப் பாட்டு வரி, குலதெய்வம் பெயர், பிள்ளை பெயரோடு பிறந்த வருடம், இவை எல்லாம் முதல் சுற்றிலேயே விழும்.

மாதம் ஒரு முறை எல்லாரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்கிறோம். சரிதானே?

வேண்டாம். கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான் நடக்கும். இந்த வழக்கத்துக்கு வித்திட்ட 2003ஆம் ஆண்டு நிஸ்ட் ஆவணத்தை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக 2017இல் சொன்னார். கசிந்தால், போன் தொலைந்தால், ஆள் மாறினால் உடனே மாற்றுங்கள். தளமே கட்டாயப்படுத்தினால் வேறு வழியில்லை. மேனேஜரை விட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லுங்கள்.

பிரவுசரே சேமித்துக்கொள்கிறதே, அது போதாதா?

சொந்த உபயோகத்துக்குப் பரவாயில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, ஊழியர் தன் சொந்த ஜிமெயிலில் நுழைந்திருந்தால், ஆபீஸ் பாஸ்வேர்டு எல்லாம் அவருடைய கூகுள் கணக்கில்தான் போய்ச் சேரும். பிற நிறுவனங்களுக்கு லாகின் பாதுகாப்பு விற்பதையே தொழிலாகக் கொண்ட ஆக்டா நிறுவனத்தில் 2023இல் நடந்தது இதுதான். ஊழியர் ஒருவர் ஆபீஸ் லேப்டாப்பில் சொந்தக் கூகுள் கணக்கைத் திறந்திருந்தார்; ஒரு முக்கியக் கணக்கின் பாஸ்வேர்டு அதில் சேமிக்கப்பட்டிருந்தது. அந்தச் சொந்தக் கணக்கோ அவருடைய வேறொரு கருவியோ கைமாறியிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்தில் என்ன செய்வது?

நம்ம ஆளாயிற்றே, நல்ல பையனாயிற்றே என்று விடுவதுதான் இங்கே வழக்கம். நல்ல பையன் என்பதால்தான் மாற்ற வேண்டும். அவர் போன பிறகு ஏதாவது நடந்தால் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழும். அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு எதுவும் இப்போது செல்லாது என்றால் அவர் பெயர் கெடாது.

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். ராஜினாமா கொடுத்த வாரமே அவரோடு உட்கார்ந்து, அவர் மட்டும் பயன்படுத்தும் கணக்குகளைப் பட்டியல் எடுங்கள். பெரிய தளங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வரும். விட்டுப்போவது வேறு: வெப்சைட் பெயரை வருடா வருடம் புதுப்பிக்கும் கணக்கு, கூரியர் தளம், இன்டர்நெட் கம்பெனி லாகின், கூகுள் மேப்பில் கடையின் பதிவு. வெப்சைட் பெயர் அவருடைய சொந்த மெயிலில் வாங்கப்பட்டிருந்தால் அது சட்டப்படி யாருடையது என்பதிலேயே தகராறு வரலாம். ஒவ்வொன்றிலும் மீட்பு மெயிலும் மீட்பு நம்பரும் யாருடையவை என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இவற்றை விட்டுவைத்தால், ‘மறந்துவிட்டது’ என்று ஒரு கிளிக்கில் பழைய ஆள் திரும்ப வரலாம். பாஸ்வேர்டு மாற்றியதும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பட்டனையும் அழுத்துங்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் பிசினஸில் இணைந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்து நீக்குங்கள்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கலோனியல் பைப்லைன் நின்றுபோனது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. யாரும் பயன்படுத்தாமல், ஆனால் முடக்கப்படாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்குதான் (வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்கில் நுழையும் லாகின்) ஹேக்கர்களுக்கு வாசல். பாஸ்வேர்டு மட்டும் போதும், இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. நிறுவனம் 75 பிட்காயின், அப்போதைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது.

ஓடிபி வரும் சிம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

நிறுவனத்தின் பெயரில். ஊழியர் பெயரில் இருந்தால் அவர் போகும்போது நம்பரும் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கொஞ்ச காலத்தில் அதே நம்பர் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒதுக்கப்படும்; உங்கள் ஓடிபி அவருக்கு வரும். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக, போனிலேயே ஓடிபி போன்ற எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்பை அனுமதிக்கும் தளங்களில் அதையே வையுங்கள். ஆப்பை அமைக்கும்போது தரும் மீட்பு எண்களை அச்செடுத்து லாக்கரில் வைக்க மறக்காதீர்கள்.

முதலாளிக்கே ஏதாவது ஆகிவிட்டால்?

கேட்கச் சங்கடப்படுகிறார்கள், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. மேனேஜரில் நிர்வாகி இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் முதலாளி, இன்னொருவர் பங்குதாரரோ குடும்பத்தில் ஒருவரோ. மாஸ்டர் பாஸ்வேர்டைக் கையால் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு வங்கி லாக்கரில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு அது அங்கே இருப்பது தெரிந்திருக்கட்டும்.

பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதுதான் முதலில். மற்ற எல்லாவற்றின் மீட்பு லிங்கும் மெயிலுக்குத்தான் வருகிறது. வைரஸ் சந்தேகம் இருக்கும் அதே கம்ப்யூட்டரிலிருந்து மாற்றாதீர்கள். வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். அடுத்து வங்கி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

கம்ப்யூட்டருக்குள் யாரோ நுழைந்திருந்தால், 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்திருந்தால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வரும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக அமலாகின்றன. போதிய பாதுகாப்பு செய்யாததற்கான அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தியவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு.

வைஃபை, சிசிடிவி பாஸ்வேர்டுகளையும் இதில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். கேமரா மாட்டியவர் போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டு பல ஆபீஸ்களில் இன்றும் அதேதான். அவர் மாட்டிய எல்லாக் கடைகளிலும் அதேதான். இன்றைக்கே மாற்றுங்கள். வருகிறவர்களுக்கு ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை தனியாக வைத்து, அந்தப் பாஸ்வேர்டை மட்டும் தாராளமாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.